அவையோர் கடன்

பலர் ஒருங்கு கூடி ஒரு பொருளை ஆராய்தற்கு அமைந்த இடம் அவை எனப்படும். தனித்திருந்து கற்பான் ஒருவனுக்குப் பல யாண்டுகளிலும் விளங்காத பொருள், அறிவுடையார் கூடிய அவைக்கண் ஒரு நாழிகையில் விளங்குதல் உண்டு. ஒருவன் கண்ட உண்மை பலர்க்கும் உரியதாதலும், ஒருவன் கொண்ட பிழை பலரால் களையப்படுதலும் அவையால் விளையும் பயன்களாம். ஆயினும், நன்மைக்கு இடனாவது தீமைக்கும் இடனாதல் உலகியல்பு. தனியிடத்து ஒருவன் மற்றொருவனை இகழின், அவ்விகழ்ச்சி இருவர் அளவில் நின்று மறையவும் கூடும். அவைக்கண் இகழின், அஃது அங்கிருந்தார் அனைவர் வாயிலாகவும் பரந்து, இகழப்பட்டானை வாழ்நாள் முழுதும் தொடரும். ஆதலின், அவைக்கண் நிகழும் தீமை அதனைச் செய்தானுக்கு மட்டும் உரியதோ, கண்டும் கேட்டும் வாளா இருந்தார்க்கும் உரியதோ என்னும் வினா ஆராய்தற்கு உரியதாகின்றது.

இக்காலத்து மருத்துவர், பொறியியலார், வானியலார், ஆசிரியர், கணிப்பொறி வல்லுநர் முதலாய தொழிலறிஞர் யாவரும் ஆண்டுதோறும் மாநாடு கூடுகின்றனர். அம்மாநாடுகளை நடத்துவோர், அங்கு வருவார் ஒழுகற்பாலனவாகிய விதிகளை முன்னரே எழுதி வெளியிடுதல் இந்நாளில் பெருவழக்காயிற்று. பிறப்பு, நாடு, நிறம், சமயம், ஆண் பெண் என்னும் வேறுபாடு, உடற்குறை என்னும் இவை பற்றி எவரையும் இழித்துரைத்தலாகாது, விரும்பாதாரைப் பின்தொடர்தலும் தொடுதலும் ஆகா, உரை நிகழுங்கால் இடைபுகுந்து கெடுத்தலாகாது, இசைவின்றிப் படமெடுத்தலாகாது, தீங்குற்றார் இன்னாரிடத்து முறையிடுக, விதி கடந்தார் வெளியேற்றப்படுவர் என்பன போல்வன அவ்விதிகளுட் காணப்படும். இவற்றைக் கண்டு, கற்றார் கூடும் இடத்திற்கு இத்துணை விதிகள் வேண்டுமோ என வியப்பாரும் உளர். கல்லாதார்க்கன்றோ இவை வேண்டும் என நகைப்பாரும் உளர். அவர் கூற்றின் தகுதி பின்னர் விளங்கும்.

தமிழ்நாட்டுப் பண்டையாசிரியர் அவையின் இயல்பை நுணுகி ஆராய்ந்தவராவர். திருவள்ளுவனார் பொருட்பாலில் 72ஆம் அதிகாரத்தை அவையறிதலுக்கும், 73ஆம் அதிகாரத்தை அவையஞ்சாமைக்கும் உரிமையாக்கினார். புலவர்கள் தம் நூன்முகத்து அவையடக்கம் கூறுதலை மரபாகக் கொண்டனர். இவை பெரும்பாலும் சொல்லுவான்மேல் வைத்து உரைக்கப்பட்டன. தொல்காப்பியனாரோ, வாகைத்திணைப் பகுதிக்கண், அவையத்தையே எட்டுவகை இயல்புடையதாகக் குறித்தார். அவ்வெட்டும் குடிப்பிறப்பு, கல்வி, ஒழுக்கம், வாய்மை, தூய்மை, நடுவுநிலைமை, அழுக்காறின்மை, அவாவின்மை என்பன என உரையாசிரியர் விரித்தனர். இவை சொல்லுவானுக்கு மட்டும் உரியனவல்ல. அவைக்கண் வீற்றிருப்பார்க்கு உரியன. எட்டனுள் கல்வி ஒன்றேயன்றோ! ஏனைய ஏழும் கல்வியின் வேறாக எண்ணப்பட்டமையால், கல்வியுண்டாயின் ஏனையவும் தாமே உளவாம் என்று முன்னோர் கருதிற்றிலர் என்பது போதரும்.

இனி, மேற்காட்டிய வினாவிற்கு மாபாரதத்துச் சபாபருவம் ஒரு விடை பகர்கின்றது. சூதவையில் திரௌபதி எழுப்பிய வினாவிற்குப் பெரியோர் பலரும் வாய்வாளாது இருந்தனர். கௌரவருள் ஒருவனாகிய விகர்ணன் மட்டும் எழுந்து நீதி உரைத்தான். அவனையும் சிறுவன் எனக் கூறிக் கன்னன் அடக்கினான். அக்காலை விதுரன், பிரகலாதனுக்குக் காசிப முனிவர் கூறிய அறமொன்றை அவையோர்க்கு எடுத்துரைக்கின்றான். பழிக்கத்தக்கது அவைக்கண் நிகழ, அதனைப் பழியாது விடுவாராயின், அப்பாவத்திற் பாதி அவைத்தலைவனைச் சாரும். காற்பங்கு செய்தவனைச் சாரும். எஞ்சிய காற்பங்கு வாளா இருந்த அவையோரைச் சாரும். அதனைப் பழித்துரைப்பாராயின், தலைவனும் அவையோரும் நீங்க, முழுவதும் செய்தவனையே சாரும். செய்தவனினும் தலைவனுக்கு இருமடங்கு வைக்கப்பட்டமை நோக்கற்பாலது. இவ்வளவீடு மிகையோ தக்கதோ என்பதனை, அண்மை நூற்றாண்டில் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சியை உரைகல்லாகக் கொண்டு நோக்குதல் நன்று.

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பார் 1910ஆம் ஆண்டு இலாகூரில் தமிழ்க் குடியிற் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து மாநிலக் கல்லூரியிற் கற்றவர். 1930ஆம் ஆண்டு மேற்கல்வியின் பொருட்டு இங்கிலாந்து நோக்கிக் கப்பலேறிய அவர், அக்கடற்பயணத்தின்கண்ணே விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய கணக்கொன்றைச் செய்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையால் தானே சுருங்கி, நிலவுலகின் அளவினதாகிச் செறிந்து நிற்கும். அது வெண்குறுமீன் எனப்படும். சிரியசு என்னும் விண்மீனின் துணைமீன் இவ்வகையினது. எல்லா விண்மீனும் இந்நிலையில் அமைதியுறும் என்பதே அந்நாளைய அறிஞர் கருத்து. சந்திரசேகரோ, ஞாயிற்றின் நிறையினும் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேற்பட்ட நிறையுடையது வெண்குறுமீனாய் நிலைபெறாது. மேன்மேலும் சுருங்கும் என்று கணக்கிட்டார்.

அக்காலத்து வானியலாருள் தலைசிறந்தவர் கேம்பிரிட்ஜுப் பேராசிரியர் ஆர்தர் எட்டிங்டன். 1919ஆம் ஆண்டு ஞாயிற்று மறைவின்போது ஒளி வளைதலை அளந்து, ஐன்ஸ்டைன் கொள்கைக்குச் சான்று கண்ட குழுவினருள் முதன்மையானவர் அவரே. அவர் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து, கணக்கின் வளர்ச்சியைக் கேட்டறிந்தனர். இலண்டன் அரச வானியற் கழகத்துக் கூட்டத்தில் அவ்விளைஞர்க்கு மிகைநேரம் கிடைக்கவும் துணைசெய்தனர். ஆயினும், அக்கொள்கையைத் தாம் ஏலாமையை ஒருபொழுதும் அவரிடம் உரைத்திலர். தமக்கு அடுத்து எட்டிங்டனும் அதே பொருள் பற்றிப் பேசவுள்ளார் என்பதைக் கூட்டத்திற்கு முன்னாள் நிகழ்ச்சிநிரல் வாயிலாகவே சந்திரசேகர் அறிந்தார்.

1935ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள் அக்கூட்டம் பர்லிங்டன் மாளிகையில் நிகழ்ந்தது. சந்திரசேகருக்கு அப்பொழுது அகவை 24; எட்டிங்டனுக்கு 52. இளையவர் தம் முடிபை உரைத்து அமர்ந்தபின், மூத்தவர் எழுந்தார். அக்கணக்கின்படி நோக்கின், பெருவிண்மீன் சில மைல் அளவினதாகச் சுருங்கி, ஒளியும் வெளிப்போகாவாறு ஈர்ப்பு மிக்கதாகும் என எடுத்துக்காட்டி, அது நகைப்பிற்கிடமாகிய முடிபு என்றும், விண்மீன் அவ்வாறு நடவாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருத்தல் வேண்டும் என்றும் கூறினார். அவை நகைத்தது. எட்டிங்டன் கூறிய காரணங்களை நன்கு எடைபோட்டு நோக்கிய பின்னரே ஆராய்தல் இயலும் என்று சொல்லித் தலைவர் அடுத்த உரைக்குச் சென்றார். சந்திரசேகருக்கு மறுமொழி கூற இடம் கிடைத்திலது. கூட்டம் கலைந்தபின் சிலர் அவரிடம் வந்து தம் இரக்கத்தைத் தெரிவித்தனர். கோபன்கேகனில் இருந்த ரோசன்பெல்டு, போர் முதலிய இயற்பியலறிஞர், எட்டிங்டன் கூற்றிற் பொருளில்லை என்று தனிமடலில் உறுதி கூறினர். பவுலியும் இளையவர் பக்கமே உண்மை என்றார். எனினும், அதனை உலகறியச் சொல்ல ஒருவரும் முன்வந்திலர். அவ்வாண்டே பாரிசு நகரத்துக் கூடிய பன்னாட்டு வானியற் கூட்டத்தில் எட்டிங்டன் மீண்டும் அதனை இகழ்ந்துரைத்தபொழுது, மறுமொழி கூற இசைவு வேண்டிச் சந்திரசேகர் தலைவருக்குச் சீட்டு அனுப்பினார். பேசாதிருத்தலையே தாம் விரும்புவதாகத் தலைவர் விடை அனுப்பினார். அத்தலைவரும் தனியிடத்தில் எட்டிங்டன் கொள்கையை நம்பாதவரே.

ஈண்டு ஓர் ஐயம் எழும். பிறர் கொள்கையை மறுத்தல் அவையின் தொழிலன்றோ? எட்டிங்டன் தாம் பிழையெனக் கருதியதைப் பிழையென்றார். அதன்கண் குற்றம் யாது? எனின், மறுத்தல் வேறு, இகழ்தல் வேறு. மறுப்பான் காரணத்தைக் காட்டுகின்றான்; இகழ்வான் நகையைக் காட்டுகின்றான். காரணத்திற்குக் காரணத்தால் விடை கூறலாம்; நகைக்கு விடை கூறுதல் எவ்வாறு? உமாபதி சிவாசாரியர் தம் சங்கற்ப நிராகரணத்தில், மறுக்கப்படுவார் கொள்கையை முதற்கண் அவரே ஒப்புமாறு சங்கற்பமாக நிறுத்தி, அதன் பின்னரே நிராகரணம் செய்கின்றார். அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்துள் கொண்ட முறையும் இதுவேயாம். பிறன் கொள்கையை அதன் முழுவலிமையோடும் எடுத்துரைக்கும் ஆற்றலிலான் அதனை மறுக்கும் உரிமையுடையனாகான் என்பது இதனாற் பெறப்படும். மறுத்தபின் எதிருரைக்கு இடந்தருதலும் அம்முறையின்பாற்பட்டதே. இவ்விரண்டும் நிகழாத இடத்து மறுப்பு என்னும் பெயரால் நிகழ்வது வேறொன்று.

இன்னும் ஓர் ஐயம் உண்டு. இந்நிகழ்ச்சியை எடுத்துரைப்பார் பலரும், சந்திரசேகர் கூற்று மெய்யாதலின் அவரை நகைத்தது பிழை என்பர். அவர் கூற்று மெய்யாயிற்று என்பது உண்மையே. 1983ஆம் ஆண்டு அவர்க்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. நகைப்பிற்கிடமென எட்டிங்டன் சொற்களால் தீட்டிக்காட்டிய அப்பொருளே இன்று கருந்துளை எனப்படுவது. அத்தகையதொன்றின் நிழலுருவத்தை 2019ஆம் ஆண்டு வானியலார் உலகிற்குக் காட்டினர். ஆயினும், இக்காரணத்தாலேயே அந்நகை பிழையாயிற்று என்பது பொருந்தாது. அவர் கணக்கிற் பிழை இருந்திருப்பின் அந்நகை முறையாகியிருக்குமோ? ஆகாது. உண்மை இன்னார் பக்கத்தது என்பது அவை கூடும்பொழுது ஒருவர்க்கும் துணியப்படாதது. அதனைத் துணிதற்கன்றோ அவை கூடுகின்றது! பின்னர் விளையும் முடிபைக் கொண்டு முன்னர் நிகழ்ந்த ஒழுக்கத்தை அளப்பது, விளைச்சல் கண்டபின் உழவின் முறையை வகுப்பதனோடு ஒக்கும். பிழைபட உரைப்பானுக்கும் கேட்கப்படும் உரிமை உண்டு. காரணத்தால் மறுக்கப்படும் உரிமையும் உண்டு. மெய்யுரைப்பானை மட்டும் மதிப்பேம் என்பான், எவனையும் மதியாதவனே ஆவான், என்னை? அவன் மதிப்பது தன் துணிபையே ஆகலின்.

இதனைச் சைவ நன்மக்கள் நன்கறிந்த ஒரு வரலாறு தெளிவாகக் காட்டும். புத்தூரில் நம்பியாரூரர் திருமணப் பந்தரில், முதியதோர் அந்தணர் வடிவிற் புகுந்த இறைவர், இவன் எனக்கு அடிமை என்று வழக்குரைத்தார். கேட்டவருள் சிலர் வெகுண்டனர், சிலர் சிரித்தனர், நம்பியாரூரரும் நகைத்தார். பின்னர், காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தார். அவ்வழக்கே திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அந்தணர் அடிமையாதல் யாண்டும் இல்லாத செய்தி. வழக்குரைத்தார் ஒரு தனிமுதியவர்; எதிர்நின்றார் செல்வாக்கும் நற்குடிப்பிறப்பும் உடைய இளைஞர். நகைத்தற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. ஆயினும், அவ்வவையோர் நகைத்திலர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றனாற் காட்டுக என்றனர். மூலவோலை உண்டு, அதனையும் இவன் வலிந்து கிழியாவாறு காப்பீராயின் காட்டுவேன் என முதியவர் கூற, தீங்கு நேர விடேம் என்று உறுதி தந்தனர். கரணத்தானைக் கொண்டு ஓலையைப் படிப்பித்தனர்; பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கினர்; ஒத்திருத்தல் கண்டு, தம்மவராகிய நம்பியாரூரர் தோற்றார் எனத் தீர்ப்பளித்தனர்.

வழக்கு ஒன்றே; கேட்ட கூட்டம் இரண்டு. மணப்பந்தரிற் கூடியவர் விருந்தினர். அவர் நகைத்தமை பொறுக்கத்தக்கது. வெண்ணெய்நல்லூரிற் கூடியவர் அவையோர். அவர் சான்று வேண்டினர். பர்லிங்டன் மாளிகையில் கூடியவர் அவையோராய் இருந்தும் விருந்தினரைப் போல் நகைத்தமையே அங்கு நிகழ்ந்த பிழையாம். சான்று கேட்டற்கு முன்னரே சான்று காட்டுவானுக்குக் காவல் உறுதிசெய்த வெண்ணெய்நல்லூர் அவையின் செயலும் கூர்ந்து நோக்கற்பாலது. இக்காலத்து மாநாடுகள் வெளியிடும் ஒழுக்கவிதிகளின் உட்கிடை அதுவேயன்றோ? அஞ்சி நிற்பானிடத்து உண்மை வெளிவாராது. ஆதலின் காவல் முற்படவேண்டும், ஆராய்ச்சி பிற்படவேண்டும்.

எட்டிங்டன் தீயவரோ எனின், அல்லர். போரை வெறுத்து அருள்நெறி பேணும் குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவைச் சார்ந்தவர். முதல் உலகப்போரில் படைக்கலம் எடுத்தலை மனச்சான்று பற்றி மறுத்தவர். இத்தகையார்மாட்டு இப்பிழை எங்ஙனம் நிகழ்ந்தது? இருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னை மறையாது. இருள் உளது என்பதைக் கண்ணுடையான் அறிவான். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது சித்தாந்தத் துணிபு. நல்லானிடத்துப் புகுந்த ஆணவம் நன்மையின் வடிவே கொள்ளும். அறிவியலைப் பிழையினின்று காக்கின்றேன் என்னும் எண்ணமாக அது தோன்றும். ஆதலின், அதனை உடையான் தானே அறிந்து நீங்குதல் அரிது. அயலார் சுட்டிக்காட்டுதல் வேண்டும். அயலார் எனப்படுவார் அங்கு அவையோரே.

அவையோர் வாளா இருத்தற்குக் காரணம் மூன்று. ஒன்று அச்சம், பெரியாரைப் பகைத்தலால் பதவியும் பயனும் குன்றும் என்பது. மற்றொன்று மதிப்பு, இத்துணைப் பெரியார் கூறுவது பிழையாகாது எனத் தன் அறிவைத் தானே அடக்குதல். பிறிதொன்று மடி, இஃது எனக்குரிய வழக்கன்று என வாளா இருத்தல். முதலது அவாவின்பாற்படும், இரண்டாவது நடுவுநிலைமையின் குறை, மூன்றாவது அன்பின்மை. மூன்றும் கல்வியோடு உடன் உறையத்தக்கன என்பதே வருந்தத்தக்கது. கற்றார்க்கு விதி வேண்டுமோ என்பார்க்கு விடை இதனுள் அடங்கும். கல்வி, இகழ்தற்குக் கூரிய சொல்லையும், வாளா இருத்தற்கு நுண்ணிய காரணத்தையும் தரவல்லது. கல்லாதான் கைகொண்டு அடிப்பதைக் கற்றான் ஒரு மெல்லிய நகையாற் செய்து முடிப்பான். அடித்த தழும்பு புறத்தே தோன்றும், நகைத்த தழும்பு தோன்றாது. இக்கருத்துப் பற்றியே போலும், அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தார் 2017ஆம் ஆண்டு தம் ஒழுக்கவிதிகளைத் திருத்தியபொழுது, சக அறிஞரைத் துன்புறுத்தலையும் மிரட்டலையும் வேற்றுமைப்படுத்தலையும் ஆய்வொழுக்கக் கேடாகவே வகுத்தனர். ஆளுக்குச் செய்யும் தீங்கு அறிவுக்குச் செய்யும் தீங்கும் ஆகும் என்பது அவர் கண்ட உண்மை.

தலைவனுக்குப் பாதி என்றதன் தகுதியும் ஈண்டு விளங்கும். இகழ்ந்தவர் தம் ஆணவத்தால் மறைப்புண்டார். நகைத்தவர் கூட்டத்தால் இழுப்புண்டார். தலைவனோ யாவரினும் வேறாய் அமர்த்தப்பட்டு, பேசுவிக்கவும் நிறுத்தவும் அதிகாரம் பெற்றவன். இளையவர்க்கு ஐந்து நிமிடம் மறுமொழிக்குத் தந்திருப்பின் அவ்வொன்றாலேயே அவையின் முறை காக்கப்பட்டிருக்கும். தலைவன் செயல் எத்துணைப் பயன்படும் என்பதற்கு மேனாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 1927ஆம் ஆண்டு பிரசெல்சு நகரத்துச் சால்வே மாநாட்டில் 29 அறிஞர் கூடினர். ஐன்ஸ்டைனும் போரும் குவாண்டக் கொள்கை பற்றி முற்றும் மாறுபட்டு நின்றனர். தலைமை தாங்கிய லோரன்சு, பல மொழியும் வல்லவராய், யாவரும் பேசவும் யாவரும் கேட்கவும் அவையை நடத்தினார். ஐன்ஸ்டைன் எழுப்பும் தடைகளை நகைத்துத் தள்ளாது, போர் அவற்றை எண்ணியெண்ணி விடை தேடினார். அவ்விருவர் மாறுபாடு வாழ்நாள் முழுதும் தீர்ந்திலது. நட்பும் வாழ்நாள் முழுதும் குன்றவில்லை. ஆகவே, கருத்து வேறுபாடு அவைக்குக் கேடன்று. அதனை நடத்தும் முறையே கேடும் ஆக்கமும் தருவது.

எழுதிய விதிகள் மட்டும் போதுமோ எனின், போதா. விதி என்பது ஓலை; அதனைப் படித்து, ஒப்புநோக்கி, தம்மவர்க்கு மாறாகவும் தீர்ப்பளிக்கும் அவையோர் இல்லாவிடத்து ஓலை என்செய்யும்? ஆயினும் விதி பயனற்றதன்று. எழ அஞ்சுவானுக்கு அஃது ஊன்றுகோல். யான் சொல்லவில்லை, விதி சொல்லுகின்றது என்று எளியவனும் எழுந்து கூற அது துணையாகும். இகழப்பட்டானுக்கும், இது நின் குறையன்று, அவையின் குறை என்று அது சான்று பகரும்.

ஆகவே, அவைக்குச் செல்வார் மேற்கொள்ளற்பாலனவற்றைச் சுருங்கக் கூறின்: குறித்த காலத்திற் புகுதல், பேசுவார் தமக்களித்த நேரத்தைக் கடவாமை, என்னை, கடந்த நேரம் பின்வருவானிடத்துக் களவாடியதாதலின், வினவுங்கால் அறிதற்பொருட்டு வினவுதல், தன் அறிவைக் காட்டுதற்பொருட்டு வினவாமை, உரை நிகழுங்கால் அயலானோடு பேசாமை, தனியிடத்திற் கேட்ட பிறன் கருத்தைத் தனதென அவையிற் கூறாமை, எதிர்ப்புண்டாயின் அதனை முன்னரே தனியிடத்து அறிவித்து அவையிற் பொறிவைத்துப் பிடியாமை, மகளிரையும் இளையரையும் அயல்நாட்டாரையும் அவர் கூறும் பொருள்பற்றியன்றிப் பிறிதுபற்றி நோக்காமை, கூட்டம் நகைக்குங்கால் உடன்நகையாமை, முறை தவறிய இடத்து ஒருவரேனும் எழுந்து, இவர்க்கு மறுமொழி கூற இடந்தருக என்று தலைவனை வேண்டுதல். இறுதியிற் கூறியது செயற்கு மிகச் சிறிது. அதற்குரிய நேரம் அரை நிமிடம். ஆயினும், அன்று அவ்வரை நிமிடத்தைத் தருவார் ஒருவரும் இலராயினர். கூட்டம் கலைந்தபின் காட்டும் இரக்கம் அதற்கு ஈடாகாது. அவையிற் பட்ட புண்ணுக்கு மருந்து அவையிலேயே இடப்படல் வேண்டும்.

சந்திரசேகர் அவ்விகழ்ச்சிக்கு இகழ்ச்சியால் விடை தந்திலர். 1937ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றார். 1939ஆம் ஆண்டு தம் முடிபை நூலுள் நிறுத்தி, வேறு துறை ஆராய்ச்சிகளில் மனம் செலுத்தினார். 1944ஆம் ஆண்டு எட்டிங்டன் மறைந்தபொழுது, அவரைத் தம் காலத்து வானியலாருள் கார்ல் சுவார்சுசைல்டுக்கு அடுத்த நிலையில் வைத்துப் புகழ்ந்துரைத்தார். 1982ஆம் ஆண்டு, எட்டிங்டன் பிறந்த நூற்றாண்டின்பொருட்டுக் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலும் அவர் பெருமையைக் குறைவற எடுத்துரைத்தார். இஃது அவர் பொறையுடைமையைக் காட்டுவது. ஆனால், இகழப்பட்டவர் பொறுத்தமையால் வாளா இருந்தார் கடன் தீர்ந்தது என்று கொள்ளற்க. அவர் பொறுத்தது எட்டிங்டனை. அவையோர்க்குரிய காற்பங்கும் தலைவர்க்குரிய பாதியும் அவரவர் கணக்கிலேயே நின்றன.

இன்னும் நோக்கின், அன்று எழாதிருந்த அவையோர் எட்டிங்டனுக்கும் நன்மை செய்திலர் என்பது விளங்கும். வெண்ணெய்நல்லூர் அவையோர் நம்பியாரூரர்பாற் கொண்ட மதிப்பால் வாய் மூடியிருப்பின், அவர் வழக்கில் வென்றிருப்பார், இறைவனையோ இழந்திருப்பார். அவர்க்கு மாறாக அளித்த தீர்ப்பே அவரைத் தடுத்து ஆட்கொண்ட அருளாயிற்று. அவ்வாறே, பர்லிங்டன் மாளிகையில் ஒருவர் எழுந்து பணிவோடு காரணம் கேட்டிருப்பின், அப்பெரியார் தம் துணிபை மீண்டும் ஆராய்ந்திருத்தலும் கூடும். தாமே முதற்கண் சொல்லாற் காட்டிய பொருளைத் தாமே கைநெகிழ்த்த குறை அவர் புகழைச் சாராதிருத்தலும் கூடும். பெரியாரைத் திருத்துதல் அவரை அவமதித்தலன்று. திருத்தாது விடுதலே அவமதிப்பு. வாய்மூடிய அவை, இகழப்பட்டானுக்கும் தீங்கு செய்கின்றது. ஆராயப்படும் உண்மைக்கும் தீங்கு செய்கின்றது. இகழ்ந்தானுக்கும் தீங்கு செய்கின்றது. இம்மூன்று தீங்கையும் அறிந்தமையாலன்றோ காசிபர் அவையோரை விடாது பங்கில் வைத்தனர்!

ஆதலின், மாநாடு எதுவாயினும், அங்குச் செல்வான் தான் காண்பானாகவே செல்கின்றேன் என எண்ணாதொழிக. வாயிலிற் கால் வைத்த அளவிலே அவனும் அவையோருள் ஒருவனாகின்றான். அங்கு நிகழும் நன்மையிலும் தீமையிலும் பங்குடையனாகின்றான். அப்பங்கு நன்மையின் பங்காதற்குக் கல்வியோடு ஏனை ஏழும் வேண்டப்படும். அவற்றை ஈட்டுதற்கு எவர்க்கும் தடையில்லை. அறிவுடையார் அதனை மேற்கொண்டு தாம் புகும் அவைதோறும் முறை காப்பாராக.